பெயர் போர்ட்டோவுக்கு, பீப்பாய் கையாவுக்கு, மலை ரேகுவாவுக்கு

போர்ச்சுகலின் வடபகுதியில் டூரோ ஆற்றங்கரையில் உள்ள பெசு த ரேகுவா என்ற சிறு நகரத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகள் ஒரே சமயத்தில் வருகின்றன. ஆற்றில் சுற்றுலாக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன, திராட்சைச் சரிவுகளைப் பார்க்க உலகமே வருகிறது என்பது ஒரு செய்தி. அதே சரிவுகளில் பயிரிடுகிறவர்கள் விளைந்த பழத்தை வாங்க ஆளில்லாமல் தவிக்கிறார்கள் என்பது மற்றொரு செய்தி. பயணத்துக்குத் திட்டமிடுகிறவருக்கு இவற்றோடு மூன்றாவதாக ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. போர்ட் என்ற இனிப்பு ஒயினின் ஊர் போர்ட்டோ என்றால், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ரேகுவாவுக்கு எதற்காகப் போக வேண்டும்?

இந்த மூன்றுக்கும் விடை ஒன்றுதான். திராட்சை விளையும் இடம், ஒயின் முதிரும் இடம், அதற்குப் பெயர் தந்த இடம் ஆகியவை மூன்று வெவ்வேறு ஊர்களாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு, ரேகுவாவில் அழகான காட்சியாக மட்டும் தெரிகிற பலவும் காரணத்தோடு தெரியும்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மராவ் மலைத்தொடர் தடுக்கிறது. அதன் உச்சி 1,415 மீட்டர். மலைக்கு மேற்கே மழையும் பசுமையும். கிழக்கே வெயிலும் கல்லும். ஒயின் பிரதேசத்தின் மேற்கு நுழைவாயிலில் இருக்கும் ரேகுவாவைச் சுற்றி ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆற்றோடு கிழக்கே ஸ்பெயின் எல்லையை நெருங்கினால் அதில் பாதி அளவுகூடச் சில இடங்களில் கிடைப்பதில்லை. "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்று அந்தப் பகுதி மக்கள் தங்கள் பருவநிலையைச் சொல்வது வழக்கம். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல.

மண் என்று சொல்லத்தக்க மண் அங்கே குறைவு. இருப்பது தகடு தகடாகப் பிளவுபடும் ஷிஸ்ட் பாறை. அதன் தகடுகள் பல இடங்களில் செங்குத்தாக நிற்பதால் கொடியின் வேர் அந்த இடுக்குகளின் வழியே பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, மழைக்காலத்தில் தேங்கிய ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை அந்தக் கல் இரவில் திருப்பித் தருகிறது. கொடி வளர்வதற்கே பாறையை உடைத்தாக வேண்டும். அப்படி உடைத்த கல்லையே சாந்து வைக்காமல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் உடைந்த கல்தூளை நிரப்பி அதில் கொடியை ஊன்றினார்கள். டூரோவின் படிப்படியான சரிவுகள் இப்படிக் கையால் உண்டாக்கப்பட்டவை. 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 24,600 ஹெக்டேர் பரப்பு இந்த உழைப்பால் உருவான நிலத்தோற்றந்தான்.

ஒயின் எந்தக் கணத்தில் 'போர்ட்' ஆகிறது

இதன் செய்முறையைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் வரும் உரிமைச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

1. பழத்தை மிதித்தோ நசுக்கியோ சாறு எடுக்கிறார்கள். லகார் எனப்படும் தாழ்ந்த கல்தொட்டியில் ஆட்கள் வரிசையாகத் தோள் கோத்து நின்று காலால் மிதிக்கும் பழக்கம் சில தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. கால் விதையை உடைப்பதில்லை என்பதால் கசப்பு இறங்காது.

2. சாறு நொதிக்கத் தொடங்குகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. அப்படியே விட்டால் சர்க்கரை முழுவதும் தீர்ந்து சாதாரண ஒயின் கிடைக்கும்.

3. ஏறத்தாழ பாதிச் சர்க்கரை மிச்சம் இருக்கும்போது, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சை வடிசாராயத்தைச் சேர்க்கிறார்கள். மரபான கணக்கு 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். அந்த வீரியத்தில் ஈஸ்ட் செத்துவிடுகிறது, இனிப்பு மிச்சமாகிறது, ஒயின் சுமார் 20 சதவீத ஆல்கஹாலோடு நின்றுவிடுகிறது.

435ம் 115ம் சேர்ந்தால் 550. இது டூரோவின் அளவை அலகு, பெயர் 'பிப்பா'. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. சாவியும் ஜன்னலும் அலமாரியும் வந்த அதே கப்பல் வழியில் வந்து, நம் வாயில் பீப்பாய் ஆன சொல் இது. நமக்கு அது ஒரு கலம் மட்டும்; அவர்களுக்கு இன்றும் அது கலமும் கணக்கும். மலையில் ஒரு பிப்பா 550 லிட்டர் என்றால் ஏற்றுமதிக் கணக்கில் அது 534 லிட்டர்தான் என்பது, விளைவிப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க உதவும் சின்ன விவரம்.

சாராயம் சேர்ப்பதைக் கலப்படம் என்று நினைக்கத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டில் அப்படி நினைத்த பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். டூரோ ஆற்றுக்கு முதல் துல்லியமான வரைபடத்தை வரைந்த ஆங்கில வணிகர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், சாராயம் கலக்காத ஒயினே டூரோவின் உண்மையான ஒயின் என்று வெளிப்படையாக வாதிட்டார். சந்தை அவர் பக்கம் நிற்கவில்லை. சாராயம் சேர்க்காத டூரோ ஒயின் இன்று தனிப் பெயரில் மதிப்போடு விற்கிறது என்பது அவர் காலத்துக்கு மிகவும் பிந்திய கதை.

1756: எல்லை போடத் தொடங்கிய ஆண்டு

இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் ஒயினுக்குப் போர்ச்சுகலை நாடினர். 1703ஆம் ஆண்டின் மெத்துவென் ஒப்பந்தம் போர்ச்சுகீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சுங்கத் தீர்வையை உறுதி செய்தது. தேவை பெருகியது, பேராசையும் பெருகியது. எங்கெங்கோ விளைந்த சாறு டூரோ ஒயின் என்ற பெயரில் கப்பலேறியது. நிறம் அடர்த்தியாகத் தெரிய எல்டர் என்ற புதர்ச்செடியின் கருநிறப் பழச்சாற்றைக் கலந்தார்கள். சில பத்தாண்டுகளில் பெயர் கெட்டு விலை சரிந்தது.

1755ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கத்துக்குப் பிறகு நாட்டின் கடிவாளத்தைப் பிடித்த அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், 1756 செப்டம்பர் 10 அன்று ஆல்ட்டோ டூரோ திராட்சைத் தோட்டங்களுக்கென ஒரு கம்பெனியை நிறுவினார். அது செய்தவை மூன்று: எந்த நிலத்தின் ஒயின் ஏற்றுமதிக்குரியது என்று எல்லை வகுத்தது, விலையை நிர்ணயித்தது, எல்டர் செடிகளைப் பிடுங்கி எறிய வைத்தது. எல்லையைக் குறிக்க 335 கருங்கல் தூண்கள் நடப்பட்டன. அவற்றில் பல இன்றும் தோட்ட ஓரங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் 'ஃபெய்தோரியா' என்ற சொல்லும் ஆண்டும் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். ஏற்றுமதிக்குத் தகுந்த உயர்தர ஒயினை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்.

உலகின் முதல் எல்லை வகுக்கப்பட்ட ஒயின் பிரதேசம் இதுதான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது முழுக்கச் சரியல்ல. இத்தாலியின் கியாந்திக்கு 1716லேயே எல்லை அறிவிக்கப்பட்டது. ஹங்கேரியின் தோக்காய் பகுதியும் டூரோவுக்கு முந்தியது. எல்லையோடு தரப்பிரிப்பையும் விலைக் கட்டுப்பாட்டையும் மேற்பார்வை அமைப்பையும் ஒன்றாக இணைத்ததில்தான் டூரோ முன்னோடி. இந்தக் கட்டுப்பாட்டை எல்லாரும் வரவேற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. போர்ட்டோ நகரில் சில்லறை விற்பனையையும் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டதால் 1757இல் மதுக்கடைக்காரர்களும் மக்களும் கலகம் செய்தனர். அதற்குத் தண்டனையாகப் பலர் தூக்கிலிடப்பட்டனர்.

ரேகுவா நகரமானது இந்தக் கம்பெனியால்தான். பெசு என்பது மேட்டில் இருந்த குடியிருப்பு, ரேகுவா ஆற்றோரம். மேட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கும் பீப்பாய்கள் படகேறும் இடமாக ஆற்றோரம் இருந்ததால் கம்பெனி அங்கே கிடங்குகள் கட்டியது. விலை பேசும் ஒயின் சந்தையும் அங்கேயே கூடியது. ஆகவே கோட்டையையும் பழங்காலக் குறுகிய தெருக்களையும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். ரேகுவாவின் பழமை ஒரு கணக்குப்பிள்ளையின் பழமை: கிடங்கு, அலுவலகம், படித்துறை.

ஆறு: படகு போனது, ரயில் வந்தது, அணை எழுந்தது

ரபேலு என்பது டூரோ ஆற்றுக்கென்றே அமைந்த தட்டை அடிப்படகு. அடுக்கிய பீப்பாய்களுக்கு மேலாகப் பாறைகளைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பதால் பின்புறம் உயரமான மேடை. அதன்மேல் நின்றபடி மிக நீண்ட துடுப்பால் திருப்புவார்கள். நீரோட்டத்தோடு இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. திரும்பி ஏறுவதற்குப் பாயும், காற்று இல்லாதபோது கரையில் நடக்கும் மாடுகளும் தேவைப்பட்டன. ஆற்றின் மேற்பகுதியில் வலெய்ரா என்ற இடத்துப் பாறை அருவி படகுப் போக்குவரத்தையே தடுத்து நின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை வெடி வைத்துத் தகர்த்த பிறகும் அந்த இடத்தின் ஆபத்து குறையவில்லை. 1861 மே மாதத்தில் வரைபடக்காரர் ஃபாரஸ்டர் மூழ்கி இறந்தது அங்கேதான். அதே படகில் இருந்து பிழைத்தவர் ரேகுவாவில் பிறந்த அந்தோனியா அடிலெய்டு ஃபெரேரா. டூரோவின் மிகப் பெரிய தோட்ட உரிமையாளராக உயர்ந்த பெண்மணி. அவருடைய அகன்ற பாவாடை காற்றை அடைத்துக்கொண்டு அவரை மிதக்க வைத்தது என்ற கதையை அங்கே எல்லாரும் சொல்வார்கள், கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

ரயில் 1879இல் ரேகுவாவையும் 1880இல் பின்யாவையும் 1887இல் ஸ்பெயின் எல்லையையும் தொட்டது. பாறையில் மோதாத, காற்றுக்குக் காத்திராத வண்டி வந்ததும் ரபேலுவின் பிழைப்பு மெல்லத் தேய்ந்தது. 1970களிலிருந்து ஆற்றின் குறுக்கே ஐந்து அணைகள் எழுந்தன. அருவிகள் நீரில் மூழ்கின. ஆறு ஐந்து நீண்ட ஏரிகளின் தொடராயிற்று. ஒவ்வொரு அணையிலும் கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி நீரை நிரப்பி மேலே தூக்கும் அறை இருக்கிறது. போர்ட்டோவிலிருந்து ரேகுவா வரும் கப்பல் இரண்டு அணைகளைக் கடக்கிறது. அவற்றில் கராபத்தேலு அணை கப்பலை 35 மீட்டர் உயர்த்துகிறது. ஈரச்சுவர்களுக்கு நடுவே கிணற்றுக்குள் நிற்பது போன்ற இருட்டிலிருந்து மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு ஏறும் அந்தச் சில நிமிடங்கள், கப்பல் பயணத்திலேயே மிகவும் கவனித்துப் பார்க்க வேண்டியவை.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே தெளிவாக்க வேண்டும். இந்த அணைகள் வெள்ளத்தைத் தடுப்பவை அல்ல. வரும் நீரை ஏறக்குறைய அப்படியே கடத்தி மின்சாரம் எடுக்கும் அணைகள் இவை. தேக்கி வைக்கும் கொள்ளளவு சொற்பம். 1909 டிசம்பரிலும் 1962 ஜனவரியிலும் ரேகுவாவை மூழ்கடித்த வெள்ளங்கள் அணைக்கு முந்தியவை என்றாலும், அணைகளுக்குப் பிறகும் கனமழைக் குளிர்காலங்களில் படித்துறை நீருக்குள் போவது உண்டு. ஆற்றோரச் சுவர்களில் வெள்ளத்தின் உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

முதிர்வது ஏன் கையாவில்

போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருப்பது விலா நோவா த கையா. கடலுக்கு அருகே, குளிர்ந்த ஈரமான காற்றில், வடக்கு பார்த்த சரிவில் அமைந்த அதன் கிடங்குகளில் ஒயின் மெதுவாகவும் சீராகவும் முதிர்ந்தது. டூரோவின் வெயிலில் வைத்தால் பீப்பாயிலிருந்து ஆவியாகும் இழப்பும் அதிகம், சுட்ட வாடை ஏறுவதும் உண்டு. இது இயற்கை தந்த காரணம். 1926இல் அரசு இதைச் சட்டமாகவே ஆக்கி, போர்ட் ஒயின் கையாவின் கிடங்குகளிலிருந்து மட்டுமே ஏற்றுமதியாக வேண்டும் என்றது. ஆறு தலைமுறையாக மலையில் கொடி வளர்த்த குடும்பமானாலும், கையாவில் கிடங்கு இல்லாவிட்டால் தன் ஒயினைத் தன் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதே இதன் பொருள். அந்தக் கட்டாயம் 1986இல்தான் நீங்கியது. தோட்டங்கள் தங்கள் பெயரிலேயே புட்டியடைத்து விற்பதும், வாசலைத் திறந்து பயணிகளை உள்ளே அழைப்பதும் பெருகியது அதன் பிறகே. இன்று ரேகுவாவிலிருந்து ஒரு தோட்டத்துக்குப் போய் அங்கேயே முதிர்ந்த போர்ட்டைச் சுவைக்க முடிகிறதென்றால், அது நெடுங்காலப் பழக்கம் அல்ல.

உரிமைச் சீட்டும் உதிரும் பழமும்

செய்திகளில் அடிபடும் 'பெனிஃபிசியு' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் நன்மை. நடைமுறையில் அது ஓர் ஒதுக்கீடு. ஓர் ஆண்டில் எத்தனை பிப்பா சாற்றைச் சாராயம் சேர்த்துப் போர்ட் ஆக்கலாம் என்பதை அரசுக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் விவசாயிகளும் வணிகர்களும் அமர்ந்திருக்கும் குழு முடிவு செய்கிறது. உயரம், சரிவு, திசை, மண், கொடியின் வயது போன்ற 12 கூறுகளுக்கு மதிப்பெண் போட்டு ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எழுத்துத் தரம் தரப்பட்டிருக்கிறது. தரத்துக்கேற்ப ஒதுக்கீடு பங்கிடப்பட்டு, அதற்கான உரிமைச் சீட்டு விவசாயிக்குத் தரப்படும்.

இதன் விளைவைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஒரே தோட்டத்தில், ஒரே கொடியில் காய்த்த பழத்தில் ஒரு பகுதி சீட்டு உள்ள பழம், மறுபகுதி சீட்டு இல்லாத பழம். முன்னதற்கு விலை மிக அதிகம். பின்னது சாதாரண ஒயினுக்குப் போகிறது.

2. உலகில் போர்ட் குடிப்பது குறைந்து வருவதால் ஒதுக்கீடும் குறைகிறது. 2022இல் 1,16,000 பிப்பா, 2023இல் 1,04,000, 2024இல் 90,000, 2025இல் 75,000. மூன்றே அறுவடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

3. சீட்டை இழந்த பழம் சாதாரண ஒயின் சந்தைக்குள் நுழைகிறது. அங்கே ஏற்கெனவே தேக்கம். சுவர் கட்டிய செங்குத்துச் சரிவில் இயந்திரம் ஓடாது. பறிப்புக் கூலி குறையாது. ஆகவே சில இடங்களில் பறிக்கும் செலவுகூட விலையாகத் திரும்புவதில்லை.

4. போர்ட்டில் சேரும் வடிசாராயத்தின் பெரும்பகுதி டூரோவுக்கு வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. இங்கே பழம் உதிர்ந்து கிடக்க, புட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வேறிடத்துச் சாராயமா என்று விவசாயிகள் கேட்பது இதனால்தான். விலை மலிவு என்பது வணிகர் தரப்பின் பதில். கேள்வியின் நியாயம் அந்தப் பதிலால் குறைந்துவிடவில்லை.

கப்பல்கள் நிரம்பியிருக்கும்போதே விவசாயி நொடிவதில் முரண்பாடு எதுவும் இல்லை. பயணி பணம் கொடுப்பது காட்சிக்கு. அந்தக் காட்சியைக் காக்கும் சுவரைச் சரிந்தபோதெல்லாம் எடுத்துக் கட்டுகிறவருக்கு வருமானம் பழத்திலிருந்து மட்டுமே வருகிறது.

ஊரில் நின்று பார்க்க வேண்டியவை

போர்ட்டோவிலிருந்து ரயிலில் ரேகுவாவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். பாதை ஆற்றின் வடகரையில் கிழக்கு நோக்கிச் செல்வதால் வலப்பக்க ஜன்னலில் உட்கார வேண்டும். பாதி வழிக்குப் பிறகுதான் ஆறு தெரியத் தொடங்கும் என்பதால் தொடக்கத்தில் மனம் தளர வேண்டியதில்லை. நிலையத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் கூடைகளில் காகிதம் சுற்றிய சர்க்கரை மிட்டாய் விற்பார்கள். 'ரெபுசாது' என்று பெயர். ஒயின் ஊரில் முதலில் கைக்கு வருவது மிட்டாய்தான்.

கம்பெனியின் பழைய கட்டடத்தில் டூரோ அருங்காட்சியகம் இயங்குகிறது. தோட்டங்களுக்குப் போகுமுன் இதைப் பார்ப்பது நல்லது. விவசாயிகளுக்காக 1932இல் உருவான காசா து டூரோவின் தலைமையகம் அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பேர் பெற்றது. ஆற்றின்மேல் அடுத்தடுத்து மூன்று பாலங்கள் தெரியும். 1872ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தில் இன்று நடக்கலாம். உயரத்தில் செல்வது நெடுஞ்சாலை. இவற்றோடு உள்ள கல்பாலம் எதிர்க்கரை லமேகுவுக்கு ரயில் விடுவதற்காகக் கட்டப்பட்டது. அந்த ரயில் வரவே இல்லை, கார்கள்தான் ஓடுகின்றன.

பாலத்தின் நடுவில் நின்று சரிவுகளைப் பார்த்தால் மூன்று காலங்களைப் பிரித்தறியலாம். நெருக்கமான கற்சுவர்களும் குறுகிய படிகளும் இருந்தால் அது பழைய முறை. சுவரே இல்லாமல் புல்டோசர் வெட்டிய மண்படிகள் 1970களுக்குப் பிந்தியவை. சுவர் இருந்தும் கொடி இல்லாமல் புதரோ ஒலிவ மரமோ மண்டிக் கிடந்தால் அது 'மொர்த்தோரியு', அதாவது செத்த தோட்டம். 1860களில் வந்து வேரைத் தின்ற ஃபில்லோக்செரா பூச்சிக்குப் பிறகு மீண்டும் நடப்படாத நிலம். மற்றவை அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் மீண்டன.

எப்போது போவது என்ற கேள்விக்கு, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை என்பது வழக்கமான பதில்; அறுவடை அப்போதுதான். தோட்டத்தார் வேலையில் மூழ்கியிருப்பார்கள் என்பதால் முன்பதிவு இல்லாமல் போவது அவர்களுக்கும் இடைஞ்சல். மே, ஜூன் மாதங்கள் அமைதியானவை. ஆகஸ்ட்டைத் தவிர்க்கலாம்.

ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தால் அதே ரயிலில் இன்னும் அரைமணி நேரம் தள்ளிப் பின்யாவ் வரை போக வேண்டும். அந்தச் சிறு நிலையத்தின் சுவரில் 1937இல் பதித்த 24 நீலப் பீங்கான் ஓட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. கூடை சுமக்கும் ஆட்கள், பீப்பாய் ஏற்றிய ரபேலு, அணை எழாத காலத்து ஆறு எல்லாம் அவற்றில் உள்ளன. சித்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எதிரே அதே ஆறு ஏரி போல் அசையாமல் கிடக்கிறது.